சுமைதாங்கிக் கல்லை வெட் பிளேட்ல எடுக்கப் போனா வெயில்ல எல்லாம் உரிஞ்சு வருது, என்ன பண்றது?

கருப்புத்துணி:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு கம்முனு போயிட்டிருந்தவன்தான், இப்ப வேற வழியில்லாம கேக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், திட்டாதீங்க.

எனக்கு ஒரத்தநாடு பக்கம். பட்டுக்கோட்டை போற ரோட்டுலயும் அதுலேர்ந்து உள்ள ஊருக்குப் பிரியுற ரோட்டுலயும் இன்னும் அங்கங்க சுமைதாங்கிக் கல்லு நிக்குது, ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பாங்களே அதுதான். நெல்லு, விறகு, மோர்ப்பானைன்னு தலைச்சுமையா போறவங்க "கொஞ்சம் ஒரு கை புடிங்க"ன்னு ஆள் தேடாம தானே இறக்கி தானே ஏத்திக்குற உயரத்துக்கு இருக்கும். வயித்துல புள்ளையோட செத்துப்போன பொண்ணு நெனப்பா அவ வீட்டுக்காரங்க நட்டு வெக்குறதுன்னு எங்க அப்பாயி சொல்லும், அவ எறக்கி வெக்க முடியாத சுமையை ஊரு எறக்கி வெக்கட்டும்னு. சின்ன வயசுல பஸ் ஜன்னல்ல உக்காந்து எண்ணிக்கிட்டே போவேன், அப்ப 11 இருந்துச்சு, போன மாசம் எண்ணுனா 4. ரோட்டை அகலப்படுத்துறப்ப ஜேசிபி தள்ளிவிட்டது ரெண்டு வாய்க்கால் கரையில கவுந்து கெடக்கு, மீதி எங்க போச்சுன்னே தெரியல, யாரு வீட்டு வாசப்படியோ.

அதை எடுத்து வெக்கணும்னு ஆசை. போன்ல எடுத்து வெச்சிருக்கேன், 200 படம் இருக்கும், திரும்பிப் பாத்ததே இல்ல. அதான் கொலோடியன் வெட் பிளேட் கத்துக்கிட்டேன், கண்ணாடியிலயோ தகட்டுலயோ கொலோடியன்ங்கற கெட்டித் திரவத்தை ஊத்தி, சில்வர் நைட்ரேட் கரைசல்ல (அதான் சில்வர் பாத்) முக்கி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து டெவலப் பண்ற பழைய முறை. ஒரு ஒர்க்‌ஷாப் போனேன், அங்க ஏசி ரூம்ல எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்துச்சு. பழைய மர பீல்டு கேமரா ஒண்ணு வாங்கி, தெர்மாகோல் பெட்டிக்கு செவப்பு அக்ரிலிக் ஜன்னல் வெச்சு, உள்ள கையை விட்டு பிளேட்டை டெவலப் பண்ற இருட்டுப் பெட்டி, அதான் டார்க் பாக்ஸ் பண்ணி, மாமாவோட ஆம்னியில தூக்கிப் போட்டுட்டு போயிட்டேன். காலையில 11 மணி, சித்திரை மாசம். இப்ப சிரிக்கலாம் நீங்க.

என்ன ஆச்சுன்னா முதல் 3 பிளேட்டும் கேமராலேர்ந்து திரும்பி வர்றதுக்குள்ளயே ஓரம் காய்ஞ்சு போயி, டெவலப்பர் ஊத்துனா சிப்பி சிப்பியா சாம்பக் கறை. அடுத்த ரெண்டு பிளேட்டு மேல வெள்ளையா பனி மூட்டம் போட்ட மாதிரி, கல்லு எங்கயோ உள்ள நிக்குது. ஒண்ணே ஒண்ணு அருமையா வந்துச்சு, ஆனா கழுவுறப்ப தோசை கல்லுலேர்ந்து எழும்புற மாதிரி அப்படியே ஒரு மூலையிலேர்ந்து உரிஞ்சு பக்கெட்டுல விழுந்துடுச்சு. கையை விட்டு எடுக்கப் பாத்தேன், விரல்ல ஒட்டிக்கிட்டு சுருண்டுபோச்சு. இதுல சில்வர் பாத் கொறைஞ்சிருக்கேன்னு கேன் தண்ணியை ஊத்தித் தொலைச்சேன், பால் மாதிரி திரிஞ்சுபோச்சு. சில்வர் நைட்ரேட் இப்ப என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, வந்த வரைக்கும் பாத்தா கல்லுல இருக்குற எழுத்து கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பி இருக்கு. எழுத்துதானே அதுல முக்கியம்? நான் கருப்பு அலுமினியத் தகடுலதான் எடுக்குறேன்.

வெயிலுக்கு ஏத்த மாதிரி ஏதாவது வழி இருக்கா, இல்ல நம்ம ஊருக்கு இது சரிப்படாதுன்னு விட்டுடறதா?

பஞ்சர்கடை:

ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, 200 போட்டோ போன்ல இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு இவ்ளோ கூத்து? அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேமரா வந்திருக்கும்.

ஈதர்வாசம்:

பஞ்சர்கடை அண்ணா, அவரு கேட்டது எப்படி எடுக்கறதுன்னுங்க, எதுக்குன்னு இல்ல.

கருப்புத்துணி, நான் கோயமுத்தூர்ல 6 வருஷமா இதைப் பண்ணிட்டு இருக்கேனுங்க. உங்க கதையைப் படிச்சு சிரிச்சேன், ஏன்னா நானும் இதே பக்கெட்டுல கையை விட்டவன். ஒவ்வொண்ணா வர்றேன்.

மொதல்ல நேரம். கொலோடியன்ல இருக்குற ஈதர் 35 டிகிரிலயே கொதிக்கிற சாமானுங்க. நீங்க சித்திரை 11 மணிக்கு பாட்டிலைத் திறந்தா அது உங்களுக்காக காத்துக்கிட்டு இருக்காது. ஏசி ரூம்ல பிளேட்டு 10 நிமிஷத்துக்கு மேல ஈரமா இருக்கும், வெயில்ல 4 நிமிஷம் நின்னா பெருசு. அதனால விடிகாலை, முடிஞ்சா மார்கழி தை. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்குங்க. கொலோடியனுக்கு நீல வெளிச்சமும் அல்ட்ரா வயலெட்டும்தான் கண்ணு தெரியும், விடிகாலை வெளிச்சம் மஞ்சளா இருக்கும், நம்ம கண்ணுக்கு பளிச்சுன்னு இருந்தாலும் பிளேட்டுக்கு இருட்டுதான். உச்சி வெயில்ல 3 செகண்டு குடுக்கற இடத்துல 15, 20 செகண்டு குடுக்கணும். கல்லு எங்கயும் ஓடாதுன்னு வெச்சுக்கங்க, பின்னாடி புளிய மரம்தான் ஆடி கலைஞ்சு போகும், அது அழகாத்தான் இருக்கும்.

காயறதுக்கு: பிளேட் ஹோல்டர்ல பிளேட்டுக்குப் பின்பக்கம் ஈரமான ப்ளாட்டிங் பேப்பர் ஒரு துண்டு வைங்க, சொட்டக்கூடாது, ஈரம் மட்டும். வெயில் ஊருக்குப் போன வெள்ளைக்காரங்க அந்தக் காலத்துலயே பண்ண வேலைதானுங்க இது. தேன் தடவி பிளேட்டை காயாம வெச்சவங்க கூட உண்டு, எறும்பு கதையை யாரும் எழுதி வெக்கல. கொலோடியன்ல ஈதரைக் கொறைச்சு ஆல்கஹாலைக் கூட்டிக் கலந்துக்கங்க, அது அவ்வளவு சீக்கிரம் இறுகாது. ஊத்தி முடிச்சு மூலையில விரலை வெச்சுப் பாருங்க, ரேகை பதியுதா, உடனே பாத்துல இறக்கிடுங்க, ஒர்க்‌ஷாப்ல சொன்ன நொடிக்கணக்கை எல்லாம் மறந்துடுங்க.

பனி மூட்டம்: டெவலப்பர் சூடாயிடுச்சு, அவ்வளவுதான். ஐஸ் பெட்டியில வைங்க, 20 டிகிரி கிட்ட இருக்கணும். டெவலப்பர்ல இருக்கற பெரஸ் சல்பேட்டைக் கொஞ்சம் கொறைச்சு அசிட்டிக் ஆசிடைக் கூட்டுங்க. சக்கரை கூட போடலாம், சும்மா சொல்லலீங்க, டெவலப்பரோட வேகத்தைப் புடிச்சு நிறுத்தும். சில்வர் பாத் லேசா புளிப்பா இருக்கணும், ரெண்டு சொட்டு நைட்ரிக் ஆசிட், பிஎச் 4 கிட்ட.

உரியறது: பிளேட்டு சரியா சுத்தமில்ல. கீழ கண்ணாடிக்கு மாறச் சொல்லியிருக்கேன், அந்தக் கண்ணாடிக்கு இதைப் பண்ணுங்க. சாக் பவுடரும் ஸ்பிரிட்டும் கொழைச்சு தேய்க்கணும், ஊதுனா மூச்சுக்காத்து ஒரே சீரா படிஞ்சு ஒரே சீரா போகணும். நாலு ஓரத்தையும் சாணைக்கல்லுல சொரசொரப்பா ஆக்கிட்டு, முட்டை வெள்ளைக்கருவை தண்ணியில நல்லா அடிச்சு வடிகட்டி, காது குடையற பஞ்சுக் குச்சியால ஓரம் மட்டும் தடவிக் காயவைங்க. அப்புறம் உரிஞ்சா என்னைக் கேளுங்க.

கேன் தண்ணி: அதுல இருக்கற குளோரைடு சில்வரோட சேந்து வெள்ளையா விழுந்துடுச்சு. பங்க்ல பேட்டரிக்கு விக்கற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் பாத்துக்கு. இப்ப இருக்கறதை கொட்டாதீங்க, தெளியவிட்டு வடிகட்டி ரெண்டு நாள் கண்ணாடி பாட்டில்ல வெயில்ல வெச்சா அழுக்கெல்லாம் கறுப்பா அடியில தங்கும், திரும்ப வடிகட்டி சில்வர் அளவை சரிபண்ணிக்கலாம்.

எழுத்து திரும்பறதுதான் நீங்க கேட்டதுலயே நல்ல கேள்வி. தகடுல எடுத்தா அது திரும்பித்தான் இருக்கும், வேற வழியே இல்ல. தகடை விடுங்க, போட்டோ பிரேம் போடற கடையில 2 எம்எம் வெறும் கண்ணாடி வாங்குங்க. அதுல எடுத்துட்டு, படம் இருக்கற பக்கத்துக்குப் பின்னாடி கருப்புத் துணியோ கருப்பு பெயிண்டோ வெச்சு, கண்ணாடிப் பக்கமிருந்து பாத்தீங்கன்னா எழுத்து நேரா இருக்கும். அம்ப்ரோடைப்னு சொல்றது அதைத்தான்.

அப்புறம் டெவலப் பண்ணுன படத்தை நிலைக்க வெக்கற பிக்ஸருக்கு பொட்டாசியம் சயனைடு நல்லா பளபளப்பு குடுக்கும்னு எவனாவது சொல்லுவான். உங்க டெவலப்பர்ல ஆசிட் இருக்கு, ரெண்டும் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள சேந்தா வர்ற வாயுவுக்கு ரெண்டாவது பிளேட்டு எடுக்க ஆள் இருக்காது. ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போதும். படம் கொஞ்சம் மங்கலா தெரியும், பரவால்ல.

நீலத்தாள்:

ஈதர்வாசம் சார் எப்பவும் போல கெமிஸ்ட்ரி கிளாஸ் எடுத்துட்டார், அதுக்கு மேல நான் என்ன சொல்ல. ஆனா தம்பி, எனக்கு வேற ஒரு எண்ணம்.

நான் மதுரைல டிராயிங் டீச்சர். வெயில் உனக்கு எதிரியா இருக்குற ஒரு முறையைப் புடிச்சுக்கிட்டு ஏன் மல்லுக்கட்டுற? வெயிலையே தின்னு வளர்ற முறை ஒண்ணு இருக்கே, சயனோடைப், படம் நீலமா வரும். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது. பெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணில, பொட்டாசியம் பெரிசயனைடு 10 கிராம் 100 மில்லில, ரெண்டையும் சரிபாதி கலந்து பேப்பர்ல தடவி இருட்டுல காயவெச்சு, நெகட்டிவை மேல வெச்சு கண்ணாடியால அமுக்கி மொட்டைமாடில வெச்சா நம்ம வெயிலுக்கு 10 நிமிஷம். கழுவுறதுக்கு தண்ணி, அவ்வளவுதான். பேர்ல சயனைடு இருக்குன்னு பயப்படாத, அதுல ஸ்ட்ராங்கான ஆசிட் ஊத்துனாலோ ரொம்ப சூடு பண்ணுனாலோதான் வம்பு. எங்க ஸ்கூல் பிள்ளைங்க வேப்பிலையும் முருங்கைக்கீரையும் வெச்சே பண்ணுதுங்க.

நெகட்டிவுக்கு உன் மரக் கேமராவையே வெச்சுக்கோ. கொலோடியனுக்குப் பதிலா சாதாரண பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ பேப்பரை வெட்டி ஹோல்டர்ல போடு, அதோட வேகம் ரொம்பக் கம்மி, ஐஎஸ்ஓ 6னு நினைச்சு எக்ஸ்போஸ் பண்ணு, வீட்டுக்கு வந்து ராத்திரி நிதானமா டெவலப் பண்ணிக்கலாம். ஒரு நாள்ல 10 கல்லு எடுக்கலாம். அந்த பேப்பர் நெகட்டிவை ஸ்கேன் பண்ணி டிரான்ஸ்பரன்ட் ஷீட்ல பிரிண்ட் போட்டுக்கோ, இல்ல எல்லாமே கையாலதான்னு பிடிவாதம் புடிச்சா பேப்பர் முதுகுல மெழுகு தேச்சு சூடா இஸ்திரி போடு, வெளிச்சம் ஊடுருவும். பைபர் பேப்பரா வாங்கு, பிளாஸ்டிக் பூசுன பேப்பர்ல மெழுகு இறங்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்க வீட்டு போர் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருக்கும், அதுல கழுவி மொதல் 20 பிரிண்டும் கண்ணு முன்னாடியே வெளுத்துப்போச்சு. நீலத்துக்கு காரத் தண்ணி ஆகாது. மொதக் கழுவல்ல அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோ. வேட்டித் துணில கூட போடலாம், ஆனா சோப்பு போட்டுத் துவைச்சா போச்சு, எங்கம்மா ஒண்ணைத் துவைச்சு வெள்ளை வெளேர்னு மடிச்சு வெச்சிருந்தாங்க.

நீலம் புடிக்கலைன்னா வாஷிங் சோடா தண்ணில கொஞ்சம் வெளுக்க விட்டு டீத்தண்ணில ஊறப்போடு, கருங்கல்லு கலருக்கு வந்துடும்.

மைப்படி:

ஒரு பழைய ஆள் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கல்வெட்டுப் படியெடுக்கிற வேலையில் 30 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு சாட்டில் எழுதுற தமிழ் வராது.

தம்பி, உங்களுக்கு முன்னாடி உங்க ஊருக்கு ஒருத்தர் இதே பாட்டைப் பட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கேப்டன் லின்னேயஸ் டிரைப். மெட்ராஸ் அரசாங்கம் போட்டோகிராபராக நியமித்த ராணுவ அதிகாரி. 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் சாமான்களோடு கிளம்பி ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று 1858ல் சுற்றினார். அப்போது கொலோடியன் வந்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது, ஆர்ச்சர் அதை வெளியிட்டது 1851ல். டிரைப்புக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தப் பயணத்துக்கு அவர் பெரும்பாலும் கொண்டு போனது மெழுகு ஏற்றிய பேப்பர் நெகட்டிவ், அதே 1851ல் பிரான்சில் லெ கிரே சொன்ன முறை. பேப்பரை முன்கூட்டியே தயார் பண்ணி நாட்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், எடுத்த உடனே டெவலப் பண்ண வேண்டிய அவசரம் இல்லை. நீலத்தாள் அம்மா சொல்கிற வழி ஏறத்தாழ அதன் பேரப்பிள்ளைதான்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றி அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 நெகட்டிவாக எடுத்து, பிரிண்டுகளை ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நாங்கள் ஈரப் பேப்பரை வைத்துத் தட்டி மை ஒற்றி எடுத்ததை அவர் வெளிச்சத்தால் ஒற்றி எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பேப்பர் நீலத்தை மட்டும் பார்ப்பதால் வானம் வெறும் வெள்ளையாக விழும், அதற்கு நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் போட்டிருக்கிறார், இலைகளைக்கூட தொட்டிருக்கிறார். 1860 வாக்கில் செலவு அதிகம் என்று கவர்னர் டிரெவெல்யன் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

இப்போது உங்கள் கல்லுக்கு வருகிறேன். எழுத்து தெரிய வேண்டுமென்றால் எந்த முறையாக இருந்தாலும் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து சாய்ந்து விழ வேண்டும், வெட்டுக்குள் நிழல் தங்கினால்தான் எழுத்து. உச்சி வெயிலில் பெரிய கல்வெட்டே வழுக்கைக் கல்லாகத் தெரியும். தயவுசெய்து எழுத்துக்குள் சாக்பீஸ் பூசாதீர்கள், சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள், எண்ணெய் ஊற்றித் துடைக்காதீர்கள். சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு கல்லில் விழுந்தாலும் கருப்புக் கறை, போகவே போகாது.

சுமைதாங்கி மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் மாடு உரசிக்கொள்ள ஒற்றைக் கல் நட்டிருப்பார்கள், ஆவுரிஞ்சு கல். கல்தொட்டியும் இருக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு முழு இடம், மூன்றையும் ஒரே படத்தில் எடுங்கள். ஒரத்தநாட்டிலேயே முத்தம்பாள் சத்திரம் இருக்கிறதே, இரண்டாம் சரபோஜி காலத்தது, ராமேஸ்வரம் போகிறவர்களுக்குச் சோறு போட்ட இடம். தருமபுரிப் பக்கம் போனால் அருங்காட்சியகத்தில் அதியமான் பெருவழிக் கல்லைப் பாருங்கள். நாவற்தாவளம் என்ற இடத்துக்குக் காதம் 29 என்று எழுதிவிட்டு, படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான் என்று யோசித்து, இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறான். கையால் தடவிப் பார்த்தே தூரம் தெரிந்துகொள்ளலாம். ரோட்டோரக் கல்லிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பஞ்சர்கடை:

சார் அந்த குழி மேட்டர் செம்ம. இப்ப நானே ஒரு தடவை தருமபுரி போகணும் போல இருக்கு. கருப்புத்துணி ப்ரோ, கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன், பாதி மட்டும்.

கருப்புத்துணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பஞ்சர்கடை, நீங்க கேட்டதுல தப்பே இல்ல, வீட்லயும் அதையேதான் கேக்குறாங்க. எனக்கு தெரிஞ்சவரை சொல்றேன், போன்ல எடுக்குறப்ப நான் பைக்கை ஆஃப் பண்ணக்கூட மாட்டேன். கேமராவை நட்டுட்டு கருப்புத் துணிக்குள்ள தலையை விட்டு தலைகீழா தெரியுற கல்லை 20 நிமிஷம் பாத்த அன்னைக்குத்தான் படுக்கைக் கல்லோட நடுவுல ஒரு பள்ளம் இருக்குறதையே பாத்தேன். சுமை இழுத்து இழுத்து தேஞ்ச பள்ளம். கையை வெச்சா வழவழன்னு இருக்கு, மத்த இடம் எல்லாம் சொரசொரப்பு. 30 வருஷமா அந்த வழியா போறேன்.

மைப்படி ஐயா, சத்திரத்துக்கு முன்னாடி நின்னு பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி வாழ்க்கை போச்சு, அதை எடுக்கணும்னு தோணவே இல்ல பாருங்க.

நீலத்தாள் அக்கா, சயனோடைப் கண்டிப்பா பண்றேன். ஆனா அந்த ஒரு கல்லை மட்டும் கண்ணாடியில எடுத்தே தீரணும்னு ஒரு வைராக்கியம் வந்துடுச்சு. மழை விட்டு பனி வரட்டும், வந்து சொல்றேன்.

கருப்புத்துணி:

சொன்ன மாதிரி வந்துட்டேன், மார்கழி 2ம் வாரம். இந்த இழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

ஞாயித்துக்கெழமை அஞ்சரைக்கெல்லாம் போயிட்டோம், நானும் மாமாவும். போற வழியில ரோந்து போலீஸ் நிறுத்தி பெட்டியைத் திறக்கச் சொன்னாங்க. என்ன பாட்டிலுன்னு கேட்டாரு, கொலோடியன்னா என்னன்னு கேட்டாரு, மாமா வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம "வெடிபஞ்சை ஈதர்ல கரைச்சது சார்"னு சொல்லிட்டாரு. உண்மைதான், அதுக்காக? கால் மணி நேரம் ஆச்சு. கடைசியில பழைய ஒரு பிளேட்டைக் காட்டுனேன், டார்ச் அடிச்சு பாத்துட்டு "இது எங்க ஊரு கல்லு மாதிரியே இருக்கே"ன்னாரு, விட்டுட்டாரு.

டார்க் பாக்ஸ் வெக்க ஸ்டாண்டு கொண்டு போகல. மாமா தலையில தூக்கிட்டு வந்தவரு எங்க வெக்கறதுன்னு முழிச்சாரு, நான் கல்லுல மட்டும் வெக்காதீங்க சில்வர் சொட்டும்னு கத்துறேன். பால் கறந்துட்டு வந்த ஒரு பாட்டி நின்னு பாத்துட்டு "ஏன்டா தம்பி, தூக்கிட்டு நிக்கிற புள்ளையை அதட்டுற, எறக்கி வெய்யி, அதுக்குத்தானே நட்டு வெச்சிருக்கு"ன்னுச்சு. மைப்படி ஐயா மன்னிச்சுக்கணும், ரெண்டு உரச்சாக்கை நாலா மடிச்சுப் போட்டு மேல ரப்பர் ஷீட்டைப் போட்டு அது மேலதான் வெச்சோம், அதுவும் சோதனை பிளேட்டுக்கு மட்டும். நெஞ்சு உயரம், கை விட்டு வேலை பாக்க அளவெடுத்து செஞ்ச மாதிரி இருந்துச்சு. படம் எடுக்குறப்ப ஆம்னி பின் கதவுக்கு மாத்திட்டோம்.

மொத்தம் 5 பிளேட்டு. கண்ணாடி, ஓரத்துக்கு முட்டை வெள்ளைக்கரு, பின்னாடி ஈர ப்ளாட்டிங் பேப்பர், டெவலப்பர் ஐஸ் பெட்டியில, அப்படியே சொன்னதை சொன்னபடி. ஒண்ணு கூட உரியல. மொத ரெண்டுக்கு 10 செகண்டு, இருட்டு. 6:50க்கு சூரியன் கல்லுக்கு இடது பக்கமா வந்துச்சு, 18 செகண்டு குடுத்தேன். நடுவுல டவுன் பஸ் ஒண்ணு போச்சு, போச்சுடா இந்த பிளேட்டும்னு நெனச்சேன். டெவலப் பண்ணி ஹைப்போவுல போட்டதும் நீலமா பால் மாதிரி இருந்தது கரைஞ்சு கரைஞ்சு கல்லு வெளிய வருது, பஸ்ஸையே காணோம். ஹெட்லைட்டு போன இடத்துல மட்டும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு.

கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி குங்குமம் வெச்சிருந்தாங்க, நேர்ல பாத்தா பளபளன்னு இருந்துச்சு, பிளேட்டுல ரெண்டுமே கரியா வந்திருக்கு. மொதல்ல வருத்தமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா அந்த மஞ்சள் எழுத்துக்குள்ள எறங்கி தங்கியிருக்கு போல, கண்ணாடியைத் திருப்பி பின்னாடி கருப்புத் துணியை வெச்சதும் எழுத்து நேரா, கண்ணுல பாத்ததை விட தெளிவா இருக்கு. கடைசி வரியில "உபயம்"ங்கறது இவ்வளவு நாளா சுண்ணாம்புல தெரியவே இல்ல. பேரு பாதிதான் தெரியுது, "...ம்மாள்"னு முடியுது.

பாட்டிகிட்ட காட்டுனேன். பிளேட்டை வாங்கி சாய்ச்சு சாய்ச்சு பாத்துச்சு, ஒரு பக்கம் சாய்ச்சா நெகட்டிவா தெரியும் இன்னொரு பக்கம் சாய்ச்சா படமா தெரியும்ல, அதுலயே ரொம்ப நேரம் இருந்துச்சு. யாரு பேருன்னு கேட்டேன். தெரியாதுப்பா, நான் வாக்கப்பட்டு வந்தப்பவே கல்லு இருந்துச்சு, ஆடி மாசம் நாங்கதான் மஞ்ச பூசுறோம்னுச்சு.

மைப்படி:

சாக்கு, ரப்பர் ஷீட் எல்லாம் சரி, அடுத்த முறை ஒரு ஸ்டூல் எடுத்துப் போங்கள். அந்த "ம்மாள்" முன்னாடி இரண்டு எழுத்தாவது படிக்க முடியும் என்று நினைக்கிறேன். மாலை வெயிலில் வலது பக்கத்திலிருந்து இன்னொன்று எடுங்கள், வெட்டின் மறு கரை நிழலாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். கல்லின் பின்பக்கமும் பாருங்கள், சிலதில் வருஷம் அங்கே இருக்கும்.

நீலத்தாள்:

அடுத்த தடவை போறப்ப அந்தப் பாட்டிக்கு ஒரு பிரிண்டு போட்டுக் கொண்டு போ தம்பி. கண்ணாடியைக் குடுக்காத, பேரப்பிள்ளைங்க உடைச்சுடும்.

ஈதர்வாசம்:

அருமைங்க. கழுவுன ஹைப்போ தண்ணியை வாய்க்கால்ல ஊத்தலீங்களே? அதுல சில்வர் இருக்கு, கேன்ல புடிச்சு சேத்து வைங்க. முக்கியமா ஒண்ணு, வார்னிஷ் போட்டாச்சா? போடாம வெச்சா ஆறு மாசத்துல ஓரத்துலேர்ந்து கறுக்க ஆரம்பிச்சுடும், விரல் பட்டாலும் கீறிடும்.

கருப்புத்துணி:

ஹைப்போ எல்லாம் கேன்லதான் இருக்கு சார். வார்னிஷ் இன்னும் போடல, சாண்டராக் பிசின் எங்கயும் கிடைக்கல, தஞ்சாவூர்ல நாலு நாட்டு மருந்துக் கடையில கேட்டுட்டேன், சந்தனமான்னு கேக்குறாங்க.

ஈதர்வாசம்:

அது வேண்டாம் விடுங்க. மரத்துக்கு பாலிஷ் போடற சாமான் விக்கற கடையில அரக்கு கேளுங்க, வெளுத்த அரக்கு, மஞ்சளா இருக்கறது வேண்டாம். ஸ்பிரிட்ல ரெண்டு நாள் ஊறப்போட்டு காபி பில்டர் பேப்பர்ல வடிகட்டுங்க. பிளேட்டை ஸ்பிரிட் விளக்குக்கு மேல காட்டி கை பொறுக்கற சூட்டுக்குக் கொண்டு வந்து, கொலோடியன் ஊத்தற மாதிரியே ஒரு மூலையில ஆரம்பிச்சு ஊத்தி மறுமூலையில வடிச்சுட்டு, திரும்ப சூடு காட்டுங்க. மொதல்ல அந்த இருட்டா வந்த 10 செகண்டு பிளேட்டுல பழகிக்கங்க. நல்ல பிளேட்டுல நேரா கை வெச்சுடாதீங்க.